வெயில் காயும் நெடுவழிக்குக் காரை ஆயத்தம் செய்தல்: வாசகர் கேள்வி-பதில்

கோடையில் பாலைவனச் சாலைகளில் கார் ஓட்டிச் செல்வது குறித்து வந்த கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

கேள்வி: என் பெட்ரோல் கார் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் நாங்கள் நால்வர், பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாலைவனப் பகுதியில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பயணம் செய்யவிருக்கிறோம். ஊருக்குள் இந்தக் கார் ஒருநாளும் சூடேறி நின்றதில்லை. சர்வீஸும் அண்மையில்தான் முடிந்தது. இதற்கு மேல் ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில்: செய்ய வேண்டும். ஊருக்குள் சூடேறவில்லை என்பதை வைத்து அது பாலைவனத்திலும் சூடேறாது என்று முடிவு கட்டிவிட முடியாது. ரேடியேட்டர் வெளியேற்றக்கூடிய வெப்பத்தின் அளவு, அதற்குள் ஓடும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்கும் அதன் மேல் வீசும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியிலும் வெளிக்காற்று 25 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 70 டிகிரி. அதே காற்று 50 டிகிரிக்கு ஏறிவிட்டால் வேறுபாடு 45 டிகிரிதான். அதாவது, எந்தப் பழுதும் இல்லாத நல்ல ரேடியேட்டர்கூடத் தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. புதுக் காரில் இந்த இழப்பைத் தாங்கும் அளவுக்கு மிகுதித் திறன் வைத்தே வடிவமைத்திருப்பார்கள். ஏழு ஆண்டுகளில் தகடுகளுக்கு இடையே படிந்த தூசியும், உள்ளே படிந்த கசடும், தளர்ந்துபோன மூடியும் அந்த மிகுதியைச் சிறுகச் சிறுகத் தின்றிருக்கும். ஊரின் மிதமான வெயிலில் அது வெளியே தெரிந்திருக்காது.

எனவே முதல் வேலை, வெப்பம் வெளியேறும் வழி முழுவதையும் திறந்துவிடுவது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கன்டென்சர் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் பூச்சிகளும் சருகும் தூசியும் அடைந்துகொள்ளும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தோன்றும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். வாகனம் கழுவும் உயரழுத்தக் குழாயை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுவிடும். முன்புற வலைக்கு முன்னால் கூடுதல் விளக்குகளோ அலங்காரத் தகடோ பொருத்தியிருந்தால் பயணம் முடியும்வரை கழற்றி வையுங்கள்.

அடுத்தது, கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்களான ஹோஸ்கள். இன்ஜின் ஆறியபின் கையால் அழுத்திப் பாருங்கள்: நல்ல ஹோஸ் இறுக்கமாகவும் சற்றே மீளும் தன்மையுடனும் இருக்கும், கொழகொழவென்று அமுங்கினாலோ, கல்லைப் போல் விறைத்திருந்தாலோ, கிளிப்புக்கு அருகில் உப்பியிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். பெல்ட்டை வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இக்காலத்துப் பெல்ட்டுகள் வெடிக்காமலே தேய்கின்றன. ஆகவே அதன் வரிப்பள்ளங்களின் ஆழத்தை மெக்கானிக் அளந்து பார்க்க வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் காய்ந்த கூலன்ட் தடம் தெரிந்தால் அது கசிவின் தொடக்கம். ஏசியைப் போட்டுவிட்டு, நிற்கும் வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் எல்லா வேகத்திலும் சுழல்கிறதா என்றும் கவனியுங்கள்.

இவற்றையெல்லாம் புறப்படுவதற்கு முந்தைய நாள் செய்யாதீர்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. புதிதாகப் பொருத்திய பாகமும் சரியாக இறுக்கப்படாத கிளிப்பும் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே தம் குறையைக் காட்டிவிடும். மூன்று வாரம் முன்னதாக வேலையை முடித்து, பயணத்தில் ஏற்றப்போகும் அதே சுமையுடன், நண்பகலில், ஏசி போட்டு, 150 கிலோமீட்டராவது நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். திரும்பியதும் கூலன்ட், ஆயில் அளவுகளையும், வண்டி நின்ற தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்தால், உங்கள் வண்டியைப் பற்றி எந்த சர்வீஸ் அறிக்கையும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கேள்வி: கடுங்கோடையில் கூலன்டே தேவையில்லை, வெறும் தண்ணீர்தான் நன்றாகக் குளிர்விக்கும் என்கிறார் எனக்குத் தெரிந்த மெக்கானிக். கூலன்ட் சூடானபின் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிடலாம் என்கிறார். சரிதானா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் இந்தக் கருத்து இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறன், கூலன்டில் தண்ணீருடன் கலக்கும் கிளைக்கால் (glycol) என்ற திரவத்தைவிடத் தண்ணீருக்கு அதிகம்தான். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது இந்த எல்லைகள் முறையே சுமார் 120 ஆகவும் 129 ஆகவும் உயர்கின்றன. இன்ஜினுக்குள் சிலிண்டர் தலைப்பகுதியை ஒட்டிய சில இடங்கள் சராசரியைவிட மிகவும் சூடானவை. அங்கே திரவம் கொதித்து நீராவிக் குமிழாக மாறிய கணத்திலிருந்து உலோகத்தின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போய்விடுகிறது. அந்த ஒன்பது டிகிரி எங்கே பயன்படுகிறது என்றால் அங்கேதான். தவிர, துருவையும் அரிப்பையும் தடுக்கும் பொருள்கள் கூலன்டில்தான் இருக்கின்றன. இரவில் உறைநிலைக்குக் கீழே போகும் பாலைவனங்களும் உண்டு. அங்கேயும் அதே கலவை காப்பாற்றும்.

அதற்காகக் கிளைக்காலை மட்டும் ஊற்றிவிடவும் கூடாது; அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையை, கனிமம் நீக்கிய தண்ணீருடன், சொல்லியிருக்கும் விகிதத்தில் கலப்பதே முறை. நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் சாயங்கள் மட்டுமே. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் முடியும் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுப் பெரிய செலவுகளைச் செய்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பல இன்ஜின்களில் அது முழுதாகத் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வரும் குறுக்குவழி ஒன்றை மூடிவிடும். அதைக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி திறந்தே கிடந்து, சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பும். ஐயமிருந்தால் புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: வெயிலில் டயருக்குள் காற்று விரிவடையும் என்பதால், புறப்படும்போதே நாலைந்து பவுண்டு குறைத்து அடிக்க வேண்டும் என்று சிலரும், கூட்டி அடிக்க வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: குறைக்கவே கூடாது. சாலையில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை, காற்று அதிகமாகி ஊதி வெடிப்பவை அல்ல. காற்றுக் குறைவால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, அந்த உழைப்பிலேயே உள்ளுக்குள் சூடேறி, ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் பிரிந்து கிழிபவை. சுமையும் வேகமும் வெந்த தாரும் சேரும்போது இது மிக விரைவாக நடந்துவிடும்.

காற்றழுத்தத்தை, வண்டி பல மணி நேரம் நின்ற பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ முழுச் சுமைக்கென்று தனியாக ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதுவே உங்கள் எண். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை அடிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு ஏறும். காலையில் 32 இருந்த டயர் ஓட்டத்தில் 37, 38 காட்டினால் அச்சப்பட வேண்டாம். அந்த ஏற்றத்தைக் கணக்கில் கொண்டே டயரைச் செய்திருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் அது காற்றுக் குறைந்த டயராக இருக்கும். அன்றைய பயணம் அந்த ஆபத்துடனேயே தொடங்கும்.

நைட்ரஜன் குறித்தும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதுவும் வெப்பத்தில் அதே விகிதத்தில்தான் விரியும். ஈரப்பசை இல்லாததால் சிறிது நன்மை உண்டு; அதை நம்பி அழுத்தம் பார்க்காமல் இருப்பது தவறு.

தேய்மானத்தைப் பார்ப்பவர்கள் வயதைப் பார்ப்பதில்லை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரில், வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நான் பாலைவனத்துக்குப் புறப்படமாட்டேன். இது ஸ்டெப்னிக்கும் பொருந்தும். என் முதல் நெடும்பயணத்தில் நான்கு டயர்களையும் நாள்தோறும் சோதித்துவிட்டு, ஐந்தாவதை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பங்க்சர் ஆன பிறகு கீழே இறக்கினால், அது நான் மாற்ற வேண்டியிருந்த டயரைவிட மோசமாக அமுங்கிக் கிடந்தது.

கேள்வி: வெயில் காலத்துக்கென்று இன்ஜின் ஆயிலைக் கெட்டியான வகைக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: கையேட்டில் வெளி வெப்பநிலைக்கேற்ற ஆயில் அட்டவணை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், இல்லையென்றால் சொல்லியிருக்கும் வகையே போதும். 5டபிள்யூ-30 என்பதில் இரண்டாவது எண்தான் சூடான நிலையிலுள்ள தடிமனைக் குறிக்கிறது. ஆயிலின் வகையைவிட அளவே முக்கியம், ஏனென்றால் பிஸ்டன்களின் வெப்பத்தில் ஒரு பங்கை எடுத்துச் செல்வதும் ஆயில்தான். ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் அளவுகோலை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு பாலைவனப் பயணம் முழுவதும் ஒழுங்காக இருந்த பேட்டரி, திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு குளிர்ந்த காலையில் செத்துவிட்டது. குளிர்தான் காரணம் என்று எண்ணினேன். வேறு காரணம் இருக்கக்கூடுமா?

பதில்: பெரும்பாலும் வெயில்தான் காரணமாக இருந்திருக்கும், குளிர் அதை அம்பலப்படுத்தியது, அவ்வளவே. வெப்பம் பேட்டரியின் ஈயத் தகடுகளை அரிக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்துகிறது. உள்ளிருக்கும் நீரையும் குறைக்கிறது. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக்கணக்கு. சூடான நாளில் இன்ஜினைக் கிளப்ப அதிக விசை தேவைப்படாததால், நலிந்த பேட்டரியும் நலமானதைப் போலவே நடந்துகொள்ளும். மூன்று ஆண்டைக் கடந்த பேட்டரியை, வோல்ட் பார்ப்பதோடு நில்லாமல், சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இன்ஜின் வெப்பத்திலிருந்து பேட்டரியைக் காக்கும் உறை ஏதேனும் இருந்து, முன்பு எப்போதாவது கழற்றி எறிந்திருந்தால், அதைத் திரும்பப் பொருத்துங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் போகும்போது வெப்பமானியின் முள் மேலே ஏறத் தொடங்குகிறது. அருகில் ஊர் எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: முள் அசைகிறது என்றாலே விரைந்து முடிவெடுக்க வேண்டும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில், ஓட்டுநர் வீணாகக் கலங்கக் கூடாது என்பதற்காக, கூலன்டின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அது நகரும்போது நிலைமை ஏற்கெனவே சற்று முற்றியிருக்கும்.

முதலில் ஏசியை அணையுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாலைவனத்தை ஒட்டிய நீண்ட ஏற்றங்களில், சூடேறாமலிருக்க ஏசியை நிறுத்தும்படி சாலையோரப் பலகைகளே வைத்திருக்கிறார்கள். அடுத்து வேகத்தைக் குறையுங்கள். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 100லிருந்து 120க்குப் போனால் அந்தப் பங்கு 1.7 மடங்காகிறது, அதற்கேற்ப இன்ஜினில் கூடும் வெப்பத்தில் ஒரு பங்கு ரேடியேட்டரின் தலையில்தான் விழும். மூன்றாவதாக, கேட்கக் கொடுமையாக இருந்தாலும், காரின் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டருக்குள் இருப்பது ஒரு குட்டி ரேடியேட்டர்; இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது இழுத்து வெளியே தள்ளும்.

இதற்கும் முள் இறங்காவிட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஆவி கிளம்பினாலோ, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்து, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறியாக இருக்கலாம். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது: அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளிருப்பது கொதித்துப் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். பானெட்டைத் திறந்து வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் பொறுத்து, ஹோஸைக் கையால் தொடக்கூடிய நிலை வந்தபிறகே, கனத்த துணியை மூடி மேல் போட்டு மெல்லத் திருகுங்கள். கொதிக்கும் இன்ஜினுக்குள் குளிர்ந்த நீரைச் சாய்த்தால் வார்ப்பு விரிசல் விடும் அபாயம் உண்டு. ஆறிய இன்ஜினில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அந்த வேளையில் வெறும் தண்ணீராக இருந்தாலும் தாழ்வில்லை.

கேள்வி: எவ்வளவு எரிபொருளும் தண்ணீரும் எடுத்துச் செல்ல வேண்டும்? வேறு என்ன தேவைப்படும்?

பதில்: டேங்கில் பாதி இருக்கும்போதே அடுத்த நிலையத்தில் நிரப்பிவிடுங்கள். வழியில் நிலையம் மூடியிருக்கலாம் என்பது ஒரு காரணம்; டேங்குக்குள் மூழ்கியிருக்கும் எரிபொருள் பம்பை அந்த எரிபொருளே குளிர்வித்துக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்பது மிகக் குறைந்த அளவு. வண்டி நின்று வெயிலில் வேலை செய்ய நேர்ந்தால் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக வெளியேறக்கூடும். நான் ஆளுக்கு எட்டு லிட்டர் என்று கணக்கிட்டு, திட்டமிட்ட நாள்களுக்கு மேல் ஒரு நாளுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். அதை ஒரே பெரிய கேனில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள், ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். ரேடியேட்டருக்கான தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது.

மற்றவை பெரும்பாலும் தெரிந்தவையே: காற்றழுத்தமானி, சிறு கம்பிரெஸர், இழுவைக் கயிறு, மண்வாரி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு, எச்சரிக்கை முக்கோணம், அச்சிட்ட வரைபடம், நிழலுக்கு ஒரு தார்ப்பாய். பலர் மறப்பது, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனத்த பலகை. அது இல்லாவிட்டால் மணலில் ஜாக்கிதான் கீழே இறங்கும், கார் மேலே எழாது. மாற்று ஏர் ஃபில்டர் ஒன்றும் இருக்கட்டும். லைட்டர், நறுமணத் தெளிப்பான், பவர் பேங்க் போன்றவற்றை நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். மனிதர்களையோ விலங்குகளையோ சில நிமிடங்களுக்குக்கூட உள்ளே விட்டுப் பூட்டுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆயினும் சொல்லிவிடுகிறேன், கூடாது.

கேள்வி: மின்சார காரில் இப்படிப் பயணம் செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் கணக்கை இறுக்கமாகப் போட வேண்டும். ஏசி உங்களை மட்டுமன்றி பேட்டரியையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால், அறிவிக்கப்பட்ட தூரம் கிடைக்காது. பேட்டரி சூடாக இருந்தால் விரைவு சார்ஜிங்கின் வேகத்தைக் காரே குறைத்துக்கொள்ளும். நூறு விழுக்காடு சார்ஜ் செய்து வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது பேட்டரிக்கு நல்லதன்று. புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் முடியும்படி சார்ஜ் செய்யுங்கள்.

கேள்வி: மணற்புயலில் சிக்கினால்? மணலில் சக்கரம் புதைந்தால்? வண்டி முற்றாக நின்றுவிட்டால் அருகிலுள்ள ஊரை நோக்கி நடக்கலாமா?

பதில்: புயலின் முன் விளிம்பு தெரியும்போதே சாலையை விட்டு முழுவதுமாக ஒதுங்கி நில்லுங்கள், பிறகு விளக்குகள் அனைத்தையும் அணைத்து, பிரேக் மிதியிலிருந்து காலையும் எடுத்துவிடுங்கள். சாலை தெரியாமல் பின்னால் வருபவர் உங்கள் பின்விளக்கைப் பார்த்து, சாலை அங்கேதான் போகிறது என்று எண்ணி நேராக வந்து மோதக்கூடும். நின்றபின் ஏசி வெளிக்காற்றை எடுக்காமல் உள்ளேயே சுழலும் காற்றை மட்டும் பயன்படுத்தும்படி வையுங்கள். புயல் ஓய்ந்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆழமாகத்தான் போகும். உடனே நிறுத்தி, டயர்களின் முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை 15 முதல் 18 பவுண்டு வரை இறக்கினால், டயர் பரந்து படிந்து மணலின் மேல் ஏறிவிடும். அந்த அழுத்தத்தில் மெதுவாக மட்டுமே ஓட்டி, தார்ச்சாலையைத் தொடுமுன் மீண்டும் காற்றடிக்க வேண்டும்; கம்பிரெஸர் எடுத்துச் செல்லச் சொன்னது இதற்காகத்தான்.

நடக்காதீர்கள். வானிலிருந்தோ தொலைவிலிருந்தோ தேடுபவர்களுக்கு நடக்கும் மனிதரைவிட நிற்கும் கார் எளிதில் தெரியும். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. வெயிலில் மணலின் மேற்பரப்பு 70 டிகிரிக்கு மேலும் சூடேறும் என்பதால், தரையில் நேரே உட்காராமல் காரின் இருக்கையைக் கழற்றிப் போட்டு, தார்ப்பாயின் நிழலில் அதன் மேல் அமருங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள், உதவி தேவை என்பதற்கு எங்கும் புரியும் அடையாளம் அது. புறப்படும் முன், எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த நேரத்துக்குள் எங்கே சேர்வீர்கள், சேராவிட்டால் எத்தனை மணிக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பவற்றை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். சேர்ந்ததும் அவருக்குத் தெரிவிக்கவும் மறந்துவிடாதீர்கள்.